ஆப்பசோடா அண்ணன்

வேலம்பாளையத்தில் யார் எது சொன்னாலும் அதற்கு எதிராகப் பேசவென்றே பிறந்த மனிதர் எங்கள் சாயப்பட்டறை லேப்காரர். வெயில் என்றால் மழை வரும் என்பார். சரி, வரட்டும் என்றால், “இந்த வெயில்லயா?” என்பார்.

ஆசிட் சிந்தினாலும் காஸ்டிக் காரம் சிந்தினாலும் ஒரே டப்பாவிலிருந்து ஆப்பசோடாவை அள்ளிப் போடுவார். அதனால் அவர் பெயரே ஆப்பசோடா. எட்டாவதோடு பள்ளியை விட்ட எனக்கு அது பிடிபடவில்லை; ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“ஏனுங்ணா, ரெண்டுக்கும் ஒண்ணேவா? வெடிச்சுக் கிடிச்சு வெச்சா?”

“ஆசிடுக்கு முன்னாடி இது காரம், காரத்துக்கு முன்னாடி இது ஆசிட்டு கண்ணு. எதுக்க நிக்கறதப் பாத்துத்தான் இதும்பட கொணம்.”

என் மகளின் பாடப்புத்தகம் இதை ஈரியல்பு என்கிறது. எழுதியவர் எங்கள் அண்ணனைப் பார்த்திருப்பாரோ என்னவோ. நான் பயந்தால் அவர் சிரிப்பார். என்றைக்காவது நிம்மதியாக நின்றால், “வால்வை மூடுனயா?” என்று ஓட விடுவார்.

ஒருநாள் கரண்ட் போய்ச் சாய மிஷின் பாதியில் நின்றுவிட்டது. நீலத்துணி முழுக்கத் திட்டுத்திட்டாக வந்தது. மிஷின்காரன் நான்தான். முதலாளி கத்தினார்:

“நாளைல இருந்து நீ வர வேண்டாம்!”

வீட்டு வாடகை, மகளின் படிப்பு எல்லாம் கண்முன் சுற்றின. ஆப்பசோடா குறுக்கே வந்தார்.

“கரண்டு போனா அவன் என்னுங்க பண்ணுவான்? கரண்டு ஆபீசுல போய்க் கத்துங்க.”

முதலாளி தணிந்தார். “செரி, இருந்துட்டுப் போகட்டும்.”

நான் மூச்சு விடுவதற்குள் ஆப்பசோடா நிமிர்ந்தார்.

“அதெப்புடீங்க? இப்புடிச் சும்மா உட்டா நாளைக்கு எவன் மதிப்பான்? அனுப்பியுடுங்க!”

முதலாளிக்கு முகம் சிவந்தது.

“புள்ளகுட்டிக்காரனுங்க அவன்! நீங்க சொல்லி நான் அனுப்போணுமா? இங்கதான் இருப்பான்!” என்று கதவை அறைந்துவிட்டுப் போனார்.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிப் பேசினாரா, அல்லது அவர் குணமே அதுதானா? ராத்திரியெல்லாம் புரண்டு யோசித்தும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் ‘காப்பாத்துனீங்களாண்ணா?’ என்றால் இல்லை என்பார்; ‘காட்டிக் கொடுத்தீங்களா?’ என்றாலும் இல்லை என்பார்.

வேலை தப்பிய அன்று மத்தியானம் நான் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவர் தன் சாப்பாட்டுப் போசியைத் திறந்து, முட்டைப் பொரியலை என் பக்கம் நீட்டினார். எனக்கும் அதற்குள் அவரிடம் பேசிக் கொஞ்சம் அனுபவம் வந்திருந்தது.

“வேண்டாங்ணா” என்றேன்.

மொத்தத்தையும் என் தட்டில் கொட்டினார்.