மலையேற ஒரு இடுப்புப் பை

"காசு வைக்கவா அண்ணே, சோறு வைக்கவா?" என்று கேட்டார் ஜெகபர் அலி.

நாகல் நகரில் அவருடைய தோல்கடைக்குள் உடையப்பன் நுழைந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. ஏழு விதமான இடுப்புப் பைகள் கண்ணெதிரே தொங்கின. வரும்போது ஒரே விதம்தான் இருக்கும் என்று நினைத்து வந்திருந்தார்.

"ரெண்டுந்தான் பாய். தண்ணியும் வைக்கணும்."

"நடக்கும்போதா, ஓடும்போதா?"

"ஓடும்போது."

"யாரு வெரட்டுறா?"

"யாரும் வெரட்டல. சிறுமலைக்கு ஓடியே ஏறப் போறேன்."

ஜெகபர் அலி அவருடைய தொந்தியைச் செத்த நேரம் பார்த்தார். பிறகு வியாபாரி என்ற முறையில் பார்வையைப் பைகளின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மலை வாழைப்பழமும் காப்பிக்கொட்டையும் வாங்கி வெளியூர்களுக்கு அனுப்பும் மண்டி ஒன்றில் உடையப்பன் கிளார்க். அங்கே ஹெட்கிளார்க் நாற்காலி ஒரு மாதமாகக் காலியாகக் கிடந்தது. அதில் உட்காரத் தகுதியானவர்கள் இரண்டே பேர்: இவரும், எதிர்மேஜை முனியப்பனும். போன திங்கட்கிழமை மேனேஜர் அருள்நாதன் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டு, "உங்கள்ல யாருக்கு மலையேறிப் பழக்கம்?" என்று கேட்டார்.

"எனக்கு மாடிப்படி ஏறுனாலே மூச்சு வாங்கும் சார்" என்றார் முனியப்பன். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று உடையப்பன் மனசுக்குள் பரிதாபப்பட்டார்.

"நான் வாராவாரம் ஏறுவேன் சார். ஓடியே ஏறுவேன்."

ஊருக்குள் இருக்கும் மலைக்கோட்டையில்கூடப் பாதிப் படிக்கு மேல் அவர் கண்டதில்லை.

மேனேஜரின் முகம் மலர்ந்தது. "அப்ப சாப்பாடு, தண்ணி எல்லாம்?"

"இடுப்புல ஒரு பை கட்டிக்குவேன் சார். கை ரெண்டும் சும்மா இருக்கும்."

அந்தப் பை எப்படி வாயில் வந்தது என்று அவருக்கே விளங்கவில்லை.

"நல்லதாப் போச்சு. ஞாயித்துக்கிழமை சேந்தே போவோம். அந்தப் பையைக் கட்டிக்கிட்டு வாங்க, நானும் பாக்கணும்."

அதனால்தான் இப்போது ஏழு பைகளுக்கு முன்னால் இப்படி நிற்கவேண்டி வந்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, பித்தான் வைத்த பாக்கெட்டுகளோடு இருந்த பச்சை பெல்ட்டைத் தொட்டார்.

வீட்டில் மனைவி சண்முகவள்ளி அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினாள். "இதுல வெத்தலை பாக்கு வைக்கலாம். எலுமிச்சஞ் சோத்த எங்க வைக்க? பருக்கை பருக்கையாவா?"

மறுநாள் பெல்ட்டைக் கொடுத்துவிட்டுப் பெரிய தோல்பையாக மாற்றிக்கொண்டார். சோற்றுப் பொட்டலமும் தகரத் தண்ணிக் குப்பியும் அதில் தாராளமாக அடங்கின. அன்று சாயங்காலம் அதை வயிற்றின்மேல் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடிப் பார்த்தார். நாலு எட்டு வைப்பதற்குள் கூடைக்காரப் பெண் ஒருத்தி வழிமறித்தாள்.

"சேவுகம்பட்டிக்கு ஒண்ணு கொடுங்கய்யா."

"நான் கண்டக்டர் இல்லம்மா."

"பையை மாட்டிக்கிட்டு இல்லேங்குறீகளே. வண்டி ஓடிப்போச்சா, அதத்தான் வெரட்டுறீகளா?"

அவளுக்குப் பின்னால் மேலும் மூன்று பேர் வந்து நின்றார்கள். ஒருவர் பழனிக்குக் கேட்டார்.

வயிற்றில் இருந்தால்தானே கண்டக்டர் என்று பையை முதுகுப்பக்கம் திருப்பிக் கட்டினார். இப்போது யாரும் டிக்கெட் கேட்கவில்லை. ஆனால் ஓட்டத்தில் குப்பியின் மூடி கழன்று, வேட்டியின் பின்பக்கம் முழுக்க நனைந்துபோனது. எதிரே வந்த முனியப்பன் சுற்றிவந்து பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஒடம்புக்கு எதுவும் சரியில்லையாண்ணே? வீட்டுக்கு நான் கூட வரவா?" என்றார்.

வெள்ளிக்கிழமை உடையப்பன் ஜெகபர் அலியிடமே சரணடைந்தார்.

"முன்னாடியும் இருக்கக்கூடாது, பின்னாடியும் இருக்கக்கூடாது. குலுங்கக்கூடாது, தொறந்துக்கிடக்கூடாது. நீங்களே ஒண்ணு தச்சுக் கொடுங்க பாய்."

மறுநாளே பை தயாரானது. இடுப்பைச் சுற்றிக் கெட்டியான வார், விலாவில் இரண்டு அறைகள். ஓட்டத்தில் திறந்துகொள்ளாதபடி வாருக்கும் மூடிகளுக்கும் சேர்த்து ஒரே பூட்டு.

"இடுப்புல பூட்டா?" என்றார் உடையப்பன்.

"பேர்போன நம்மூரு பூட்டுண்ணே. எம்புட்டு ஓடுனாலும் அசையாது."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சண்முகவள்ளி சோற்றையும் குப்பியையும் உள்ளே வைத்து, இடுப்பில் மாட்டி, பூட்டை அழுத்தினாள். அடிவாரத்தில் மேனேஜர் காத்திருந்தார். பூட்டைத் தொட்டுப் பார்த்து, "பலே, பழக்கப்பட்ட ஆளுன்னு பாத்தாலே தெரியுது" என்றார்.

முதல் வளைவுவரை உடையப்பன் ஓடினார். இரண்டாவது வளைவில் ஓடுவதுபோல் நடந்தார். மூன்றாவதில் மரத்தைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் குடிக்கலாம் என்று சட்டைப் பையில் சாவியைத் தேடினார். சாவி இல்லை. பூட்டும்போது சண்முகவள்ளி சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது: "வழியில தொலைச்சுப்புடுவீக. சோத்துப் பொட்டலத்துக்குக் கீழ பத்திரமா வச்சிருக்கேன்."

மேனேஜர் தன் குப்பியை நீட்டினார். "குடிக்கலையா உடையப்பன்?"

சாவி உள்ளே இருக்கிறது என்று சொன்னால் வாராவாரம் ஏறுகிறவன் என்ற பேர் என்னாவது? "பாதி மலையில தண்ணி குடிச்சா கால் கனத்துப் போகும் சார். மேல போய்த்தான்."

"அப்படியா!" மேனேஜர் வியந்துபோய்த் தன் குப்பியையும் மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எப்படி ஏறினார் என்பது உடையப்பனுக்கே தெரியாது. தவழ்ந்ததாக ஒரு ஞாபகம். பச்சைத் தண்ணி பல்லில் படாமல், விலாவில் எலுமிச்சஞ்சோறு மணக்க மணக்க, நண்பகலில் உச்சியை அடைந்தார். அங்கே மண்டிக்குச் சொந்தமான ஓட்டுக் கட்டடம் ஒன்று இருந்தது. மேனேஜர் அவர் தோளைத் தட்டி, "நான் எடுத்த முடிவு சரிதான்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

உடையப்பன் வாசலிலேயே சாய்ந்தார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் அந்த இருட்டுக்குள் ஹெட்கிளார்க் நாற்காலி பளிச்சென்று தெரிந்தது.

காவல்காரர் ஆண்டிச்சாமி ஒரு சொம்பு மோரோடு ஓடிவந்தார். இவர் குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே குந்தியிருந்தார்.

"கட்டிலெல்லாம் போட்டு வச்சுட்டேன் சார். மண்டியோட இந்த மலை டிப்போவுக்கு மாத்திப் போட ரெண்டு வருஷமா ஆள் தேடிக்கிட்டிருந்தாக. ஓடியே ஏறுற ஆளு நீங்க கெடச்சீகளாம். மலையேற ஏலாதுன்னு சொன்ன இன்னொருத்தருதான் கீழ ஹெட்கிளார்க்காம்."