தும்மத் தெரியாத இயந்திரங்களைப் பற்றி மாமாவுக்கு

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள், நீங்கள் வைத்த பெயரில் வாலு, பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் நலமில்லை. அதைச் சேர்க்காவிட்டால் கோபித்துக்கொள்வாள். அங்கு நலமா என்று கேட்கப் போவதில்லை. நீங்கள் தலையாட்டுவது கடிதத்தில் தெரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். ‘துவைத்த குரல்’ என்று ஒரு நாவல். அதைவிடச் சிறந்த அறிவியல் புனைகதை உண்டு என்று எங்கள் இணையக் குழுவில் ஒருவர் சொன்னார், நான் பதில் எழுத, அவர் பதில் எழுத, குழு நடத்துபவர் என்னை ஒரு வாரம் வெளியே நிறுத்திவிட்டார். அந்த ஓய்வில்தான் இதை நீங்கள் படித்தே ஆக வேண்டும் என்று தோன்றியது. முதலில் போனில் அனுப்பினேன், நீங்கள் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினீர்கள், அது படித்தேன் என்றா, தொந்தரவு பண்ணாதே என்றா என்று அம்மாவும் நானும் ஒரு சாயங்காலம் முழுக்க வாதாடினோம், பிறகு அச்சுப் புத்தகம் வரவழைத்து அத்தையிடம் கொடுத்தேன், அட்டையில் கறுப்புக் கோட்டு போட்ட வாஷிங் மெஷின் இருந்ததால் அத்தை அதை மெஷினோடு வந்த விளக்கப் புத்தகம் என்று நினைத்து மெஷின் மேலேயே வைத்துவிட்டார், மெஷின் தண்ணீர் விடாமல் நின்ற அன்று ரிப்பேர்காரர் வந்து அதைப் பிரித்து நாலு பக்கம் படித்துவிட்டு, "இந்தக் கம்பெனிக்காரன் ரொம்பத்தான் பேசுறாம்மா, தண்ணி எங்க நிக்குதுன்னு எங்கயுமே போடல" என்றாராம். அதற்குப் பிறகு புத்தகத்தைக் காணோம். ரிப்பேர்காரரைக் கேட்டால், "நான் எடுக்கல பாப்பா. ஆனா அந்த மெஷின் கேஸ்ல ஜெயிச்சுதா?" என்கிறார்.

ஆகவே கதையை நானே எழுதிவிடுகிறேன், முடிவையும் சேர்த்து. வேறு வழியில்லை.

அந்த ஊரில் எல்லாப் பொருளும் பேசும். அடுப்பு, பூட்டு, செருப்புகூட. எல்லாம் ஒரே ஆளின் குரல். ஒரு வாஷிங் மெஷின் தன் முதலாளிமேல் வழக்குப் போடுகிறது, சட்டைப்பையில் ஆணியை விட்டதற்காக. சாட்சி இஸ்திரிப் பெட்டி. நீதிபதி ஒரு லிஃப்ட். எந்த முடிவிலும் நிலையாக நிற்காது. கடைசியில் குரலுக்குச் சொந்தக்காரரையே கூப்பிடுகிறார்கள். அவர் வாயைத் திறந்ததும் கோர்ட் சிரிக்கிறது. "இது போலி. எங்க வீட்டுச் செருப்பு இதவிட நல்லா பேசும்." தன் குரல் தன்னுடையது என்று அவரால் நிரூபிக்க முடியவில்லை. தோற்றுப்போய் வாசல் தாண்டும்போது ஒரு தும்மல் வருகிறது. அந்த ஊரில் எந்தப் பொருளும் தும்மியதே இல்லை. பதிவு செய்யும்போது அதையெல்லாம் துடைத்துவிட்டார்கள். கோர்ட் அடங்கிப்போகிறது. அடுப்பு மட்டும் மெதுவாகக் கேட்கிறது, "உடம்புக்கு என்ன பண்ணுது?"

அந்த இடத்தில் நான் அழுதுவிட்டேன் மாமா. ஆபீஸ் பஸ்ஸில், நின்றுகொண்டே.

எங்கள் ஆபீஸ் லிஃப்டில் தினமும் நீங்கள்தான் பேசுகிறீர்கள். "கதவு மூடுகிறது, விலகி நில்லுங்கள்." உங்க குரல்தான். ஆனா முன்னாடி வர்ற செருமல் இல்லை. சாப்பாடு ரெடியா என்று கேட்பதற்கு முன்னால்கூட நீங்கள் செருமுவீர்கள், அத்தை அந்தச் செருமலுக்கே தட்டை வைத்துவிடுவார். உங்கள் குரலைப் பதிவு செய்த கம்பெனி அதை எடுத்துவிட்டது. இனி எந்த வாக்கியத்தையும் மெஷினே கட்டிக்கொள்ளும், நீங்கள் வர வேண்டாம் என்றது. அன்றிலிருந்து நீங்கள் பேசுவதில்லை. "லிஃப்டுக்கெல்லாம் பேசுறாரு, எனக்கு மட்டும் தலைய ஆட்டுறாரு" என்று அத்தை சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உடனே போனை வைத்துவிட்டார்.

இப்போது அதே கம்பெனி திரும்பக் கூப்பிடுகிறதாமே. குரல் ரொம்பச் சுத்தமா இருக்காம், மனுஷன் மாதிரி இல்லையாம், செருமலும் இருமலும் சிரிப்பும் வேணுமாம், வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். குடுக்காதீங்க மாமா. வேலை இல்லாம இருக்கிறது கஷ்டம்னு தெரியும். குரலக் குடுத்தீங்க, சரி. மிச்சம் எங்களுது. கையெழுத்துப் போடும் முன்னால் இந்தக் கதையை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள், அது போதும்.

அத்தைக்கு என் அன்பு, மெஷினுக்கு என் விசாரிப்பு. சின்னவள் பெரியவரை வாழ்த்தக் கூடாது என்பாள் அம்மா. ஆகவே வணங்கிக்கொண்டு மனதுக்குள் மட்டும் சொல்கிறேன்: நல்லா இருமுங்க மாமா.

இப்படிக்கு,
வாலு

பி.கு.: இதைத் தபாலில் போட மத்தியானம் லிஃப்டில் ஏறினேன். "கதவு மூடுகிறது" என்றது. அடுத்து ஒரு செருமல். பொத்தான்களைப் பார்த்து, "வித்துட்டீங்களா மாமா?" என்று கேட்டேவிட்டேன். பின்னாலிருந்து, "கதவுல சாயாத வாலு. உன்னப் பாக்கத்தான் வந்தேன், நீ எறங்குற" என்றீர்கள். கக்கத்தில் நாவல்.

"நான்தான் எடுத்தேன். உங்க அத்தைக்குத் தெரிய வேணாம். எதுக்குச் சிரிக்கிறீங்கன்னு கேப்பா, பதில் சொல்லணும்."

கம்பெனிக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "புஸ்தகம் முடியட்டும், அப்பறம் சொல்றேன்னுட்டேன். இப்பத்தான் இஸ்திரிப் பெட்டி கூண்டுல ஏறியிருக்கு. முடிவ மட்டும் நீ சொன்னியோ, அப்பறம் உன்கிட்ட பேசவே மாட்டேன்."

ஆகவே மாமா, இந்தக் கடிதம் உங்களுக்கு வராது. நாவலைப் பற்றி இனி ஒரே ஒரு சிபாரிசுதான் செய்வேன்: வாரத்துக்கு ஒரு பக்கம் படித்தால் போதும்.