சேவலை நான் பறக்கவிட்ட கதை

இந்த மாசத்துக்குள்ள மச்சானைக் கொழும்பு பஸ்ஸில் ஏத்தாட்டி என் பேரு கன்னையா இல்லை. சுனாமிக்கு அடுத்த வருசம் நான் எடுத்த முடிவு அது.

மச்சான்னா என் பொஞ்சாதி துஷ்யந்தியோட தம்பி, கஜேந்திரன். கலவான டவுனில் போர்டு எழுதுறவன். சாப்பாடு, படுக்கை எல்லாம் ரப்பர் தோட்டத்து லயத்துல எங்க ஒத்தைக் காம்பரா வீட்டில்தான். கொழும்பில் ஒரு பெரிய போர்டு கடை அவனைக் கூப்பிட்டிருந்தது. அக்காவை விட்டுப் போகமாட்டானாம். அக்காவும் விடமாட்டாளாம். ரெண்டு பேரும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து படக்கதை போடுறாங்க.

சிங்கராஜக் காட்டில் குருவி பார்க்க வந்த ஜப்பான்காரி ஒருத்தி, டவுனில் ஒரு புத்தகத்தை விட்டுட்டுப் போயிட்டா. பக்கமெல்லாம் படம். ஆளுக்கெல்லாம் பாதி முகம் கண்ணுதான். அதைப் பார்த்துப் பார்த்து தம்பி வரைவான், அக்கா கதை சொல்லுவா. மேக நாட்டு இளவரசி ஒருத்தி, நம்ம தோட்டத்து ரப்பர் வெட்டுறவன் மேல ஆசைப்பட்டு இறங்கி வர்றா. அக்காவைப் பிரிய முடியாத தம்பி, காட்டுச் சேவலா மாறி அவ தோளிலேயே உட்கார்ந்துக்கிறான். தாள் தாளா லயம் பூராவும் போகும்.

அந்த ரப்பர் வெட்டுறவன் யாரு? நான்தான்! என் சுருட்டை முடி, என் மூக்கு. கண்ணு மட்டும் கொஞ்சம் பெருசு, அதுவும் எனக்கு எடுப்பாத்தான் இருந்தது. ரப்பர் பால்வாளியோட நான் நடந்தா பொம்பளைங்க, "மேகநாட்டு மாப்பிள்ளை போறாரு"ன்னு சொல்லுவாங்க. சிங்களக் கடை முதலாளிகூட "ஷோக் கதாவ, கன்னையா!"ன்னு, நல்ல கதைன்னு சிங்களத்துல சொல்லி, கை குடுத்தாரு. எனக்குப் பெருமை தாங்கல. ஒரே குறை அந்தச் சேவல். இளவரசி பக்கத்துல நான் போற படமெல்லாம் நடுவுல சேவல்! வீட்டுலயும் அதே கதிதான்.

கதையில சேவல் போனா வீட்டுல மச்சான் போவான்னு கணக்குப் போட்டேன்.

"துஷி, அடுத்த தாள்ல சேவலப் பறக்க விடு."

"எங்கங்க பறக்கும்?"

"கொழும்புப் பக்கமா."

"சேவலுக்குக் கொழும்புல என்னங்க வேல?"

"போர்டு எழுதும்!"

மச்சான் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். துஷ்யந்தி கண்ணைத் துடைச்சா.

"சரிங்க. ஆனா தம்பி போயிட்டா இளவரசிக்கு யாரு இருக்கா? விடிய வெள்ளன பீலிக் குழாயில தண்ணி புடிக்கிறது சேவல்தானே?"

"சேவல் எப்படிடீ தண்ணி புடிக்கும்?"

"மந்திரச் சேவல்ங்க."

"நான் புடிப்பேன்னு எழுது!"

"வெறகு?"

"நானே ஒடைப்பேன்!"

"இளவரசி லேசுல நம்பமாட்டா. சத்தியம் பண்ணணும்."

"எழுதுடி! மாரியம்மன் மேல சத்தியம், ஆயுசுக்கும் நாந்தான்!"

தாள் வந்துச்சு பாருங்க! நான் மண்டி போட்டு நிக்கிறேன், தோள்ல வாளி, தலையைச் சுத்தி வெளிச்சம். லயமே அழுதுச்சு. பக்கத்துக் காம்பரா மருதாயி அக்கா மூக்கைச் சிந்திட்டு, "இப்படி ஒரு ஆம்பள நம்ம தோட்டத்துல இருக்காரே!"ன்னா. மறுநாள் காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுல நான் நெஞ்சை நிமித்தி நின்னேன்.

அந்தக் கிழமையே மச்சான் பொட்டி கட்டிட்டான். அக்காவும் தம்பியும் கட்டிப்புடிச்சு அழுதாங்க. பொட்டியை நானே தூக்கிட்டுப் போய் பஸ்ஸில் வெச்சேன். என்னை அவ்வளவு அழகா வரைஞ்ச பயல். பஸ் வளைவு திரும்புற வரைக்கும் கை காட்டிட்டு நின்னேன்.

மறுநாள் விடியக்காலையில துஷ்யந்தி என்னை உலுக்கி எழுப்புனா. கையில வாளி.

"என்னடி இது?"

"தண்ணிக்குங்க."

"அடியே, அது கதைடீ!"

"மாரியம்மன் கதையில்லையே. மருதாயி அக்கா எல்லாரையும் கூட்டிக்கிட்டு பீலியடியில நிக்குது, நீங்க வர்றதப் பாக்க."

எட்டிப் பார்த்தேன். லயமே நிக்குது, புள்ளைக்குட்டியோட. வாளியை வாங்கிட்டேன். ஆனாலும் ஜெயிச்சது நான்தானே? வாசல்ல நின்னு மிடுக்கா கேட்டேன்:

"தம்பிய விடவே மாட்டேன்னு நின்னியே, என் ஒரு வார்த்தைக்கு எப்படிடீ மடங்குன?"

"அவன் போறதுன்னு போன மாசமே முடிவு பண்ணியாச்சுங்க. தண்ணி புடிக்கத்தான் ஆளு அமையாம இருந்துச்சு."