வரிசையைக் கூட்டமாக்கின கதை

போன திங்கக்கிழமை எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. கிளவுட் அமைப்புகளின்ரை வகை வரையறைகளைப் புதுப்பிக்கிறது.

பேரைக் கேட்டுப் பயப்பிடாதேங்கோ. வேலைக்குச் சேர்ந்த முதல்நாள் நானும் அப்பிடித்தான் பயந்தனான்.

எங்கடை கொம்பனி கலியாண வீடு, செத்த வீடு, பிள்ளை பெரிசான சாமத்திய வீடு எல்லாத்தையும் வெளிநாட்டிலை இருக்கிற சொந்தங்களுக்கு நேரலையாக் காட்டிற கொம்பனி. கொம்பனி எண்டால் பெரிசா நினைக்காதேங்கோ. யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட, ஒரு புடவைக்கடைக்கு மேலை ஒரு அறை. முதலாளி செல்வம் அண்ணை. கமராவோடை திரியிறவன் ரூபன். கணினிக்கு முன்னாலை குந்திக்கொண்டு இருக்கிறது நான். இப்ப ஊரிலை ஒருத்தர் செத்தால் முதல் கோல் ஐயருக்கு, ரெண்டாவது எங்களுக்கு.

கமரா எடுக்கிற படம், எங்கையோ வெளிநாட்டிலை நாங்கள் வாடகைக்கு எடுத்த கணினிக்குப் போய், அங்கையிருந்து லிங்குக்கு வரும். எந்தக் கமரா எந்த லிங்குக்குப் போகவேணும் எண்டு ஒரு கோப்பிலை எழுதி வைச்சிருக்கிறம். வகை வரையறை எண்டுறது அதுக்குப் பக்கத்திலை இருக்கிற இன்னொரு கோப்பு. இந்த இடத்திலை இலக்கம் வரவேணும், இந்த இடத்திலை பேர் வரவேணும், இது வரிசை, இது கூட்டம் எண்டு சொல்லும். குசினியிலை உப்புப் போத்தில், சீனிப் போத்தில் எண்டு ஒட்டி வைக்கிற மாதிரித்தான். ஒட்டினதை மாத்தி ஒட்டினால் தேத்தண்ணி என்னவாகும் எண்டு உங்களுக்குத் தெரியும்.

வாடகைக் கணினிக்காரர் மெயில் போட்டிருந்தினம். பழைய வரையறை இனிச் சரிவராது, புதுசுக்கு மாறுங்கோ எண்டு. செல்வம் அண்ணை அதை எனக்கு அனுப்பி, கீழை ஒரு வரி எழுதியிருந்தார். "பிள்ளை, சின்ன வேலைதானே, இண்டைக்கே முடிச்சு விடு."

சின்ன வேலை எண்டு சொல்லுறவர் ஒருநாளும் அந்த வேலையைச் செய்திருக்க மாட்டார்.

அண்டைக்கு எங்களுக்கு ரெண்டு வீடு. மானிப்பாயிலை ஒரு கலியாணம். பெரிய இடம் எண்டபடியால் செல்வம் அண்ணை தானே கமராவைத் தூக்கிக்கொண்டு போயிட்டார். மற்றது கொழும்புத்துறையிலை ஒரு ஐயாவின்ரை செத்த வீடு. அதுக்கு ரூபன்.

அந்த ஐயாவின்ரை மகள் வசந்தி அக்கா பாரிஸிலை. விசா அலுவல் இன்னும் முடியேல்லை. வெளிக்கிட்டு வந்தால் திரும்பிப் போகேலாது. காலமை எனக்குக் கோல் எடுத்து அவ கேட்டது ஒண்டேயொண்டு.

"தங்கச்சி, பெட்டி மூடமுன்னம் அப்பான்ரை முகத்தை ஒருக்கா வடிவாக் காட்டுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

"யோசியாதேங்கோ அக்கா, நானிருக்கிறன்" எண்டு சொன்னன்.

நான் இருந்ததுதான் பிரச்சினை.

புது வரையறையைப் போட்டதும் எங்கடை கோப்பு முழுக்கச் சிவப்புக் கோடு. மிளகாய் காயப்போட்ட பாய் மாதிரிக் கிடந்தது. ஒவ்வொண்டாத் திருத்தினன். இலக்கம் கேட்ட இடத்திலை இலக்கம். பேர் கேட்ட இடத்திலை பேர். கடைசியா ஒரேயொரு சிவப்பு மிஞ்சிச்சு.

லிங்குகளை முந்தி "வரிசை" எண்டு எழுதியிருந்தம். புது வரையறை "கூட்டம்" எண்டு எழுதச் சொல்லுது. வரிசையை எடுத்துப்போட்டுக் கூட்டம் எண்டு எழுதினன். சிவப்பு மறைஞ்சு போச்சு.

வரிசையெண்டால் முதலாவது கமரா முதலாவது லிங்குக்குப் போகும், ரெண்டாவது ரெண்டாவதுக்குப் போகும். கூட்டமெண்டால் ஆர் முன்னுக்கு ஆர் பின்னுக்கு எண்டு கணக்கில்லை. இதைச் சின்னப்பிள்ளையும் யோசிக்கும். நான் யோசிக்கேல்லை. பச்சையாக் கிடந்த திரையைப் படமெடுத்து ஸ்ரேற்றஸிலை போட்டுக்கொண்டிருந்தன்.

அப்ப மணி எட்டு. மாத்தினதை வாடகைக் கணினிக்கு அனுப்பிற பட்டனை உடனை அமத்தியிருந்தால் ஒரு சோலியும் வந்திராது. ஆனால் ஏழரையிலையிருந்து ஒம்பது மட்டும் ராகுகாலம்.

நான் உதுகளை நம்பிற ஆள் இல்லை. கணினி படிச்சனான். ஆனால் போனமுறை ராகுகாலத்திலை அமத்தேக்கை கறண்ட் போய், இன்வேட்டரும் புகைஞ்சது. நம்பாட்டிலும் ஒரு மரியாதை குடுக்கவேணும்தானே. கீழை போய் நாலு சீலையை விரிச்சுப் பாத்து, வாங்காமல் வந்து, ஒரு பிளேன்ரீயும் குடிச்சன். ஒம்பது அடிக்க அமத்தினன்.

"ரெண்டு மாற்றம் இருக்கு, சம்மதமோ?" எண்டு கணினி கேட்டுது. என்ன மாற்றம் எண்டும் கீழை விபரமா எழுதியிருந்தது. ஆர் வாசிக்கிறது. ஓம் எண்டு அடிச்சன்.

நான் மறந்துபோன விசயம் ஒண்டு. ராகுகாலம் எனக்கு மட்டும் முடியேல்லை, முழு யாழ்ப்பாணத்துக்கும் முடிஞ்சது. அதே நேரம் பாத்துத்தான் மானிப்பாயிலை பொம்பிளையை மணவறைக்குக் கூட்டிக்கொண்டு வருகினம். அதே நேரம் பாத்துத்தான் கொழும்புத்துறையிலை ரூபனும் கமராவைப் பெட்டிப் பக்கம் திருப்பினான். எட்டு மணிக்கு அமத்தியிருந்தால் ரெண்டு லிங்கிலையும் வெறுங்கதிரை தெரிஞ்சிருக்கும். ஆறுதலாத் திருத்தியிருக்கலாம்.

முதல் கோல் ரூபன்.

"அக்கா, எங்கடை லிங்கிலை மேளம் கேக்குது."

"செத்த வீட்டிலை மேளம் இருக்கும்தானேடா."

"நாதஸ்வரமும் இருக்குமோ? ஃபோனிலை பாத்துக்கொண்டிருந்த சனம் இப்ப என்னைப் பாக்குது அக்கா."

செத்த வீட்டு லிங்கைத் திறந்தன். உள்ளுக்கை மானிப்பாய் மாப்பிளை தலைப்பாகையோடை இருந்து சிரிக்கிறார். அவருக்குக் கீழை லண்டன், கனடா, ஜேர்மனியிலையிருந்து சனம் வரிசையா எழுதுது. "எங்களை விட்டுப் பிரிஞ்சிட்டீங்களே." "இனி எப்ப காணுவம்." "அன்னாரின் ஆத்மா சாந்தியடையட்டும்." அன்னார் ஆரோ ஒராளைப் பாத்துக் கண்ணடிக்கிறார்.

உடனை கோப்பைத் திறந்து பாத்தன். பேந்துதான் விளங்கிச்சு. வரிசை இல்லையெண்டதும் கணினி தன்ரை பாட்டிலை ஆங்கில எழுத்துப்படி அடுக்கியிருக்கு. கொழும்புத்துறை முன்னுக்குப் போயிட்டுது. மானிப்பாய் பின்னுக்கு வந்திட்டுது. கலியாணக் கமரா செத்த வீட்டு லிங்குக்கு. செத்த வீட்டுக் கமரா கலியாண லிங்குக்கு.

அதுக்குள்ளை செல்வம் அண்ணையின்ரை கோல். மனுசன் குரலைத் தாழ்த்திக் கதைச்சால் நிலமை மோசம் எண்டு அர்த்தம்.

"பிள்ளை, எங்கடை லிங்கைப் போட்டிருக்கிற மண்டபத்துப் பெரிய திரையிலை ஒரு பெட்டி தெரியுது."

"என்ன பெட்டி அண்ணை?"

"சீதனப் பெட்டி இல்லை."

பொம்பிளையின்ரை தாய் தூணைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவவாம். மாப்பிளையின்ரை பெரியப்பா எழும்பி, "அபசகுனம், எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ" எண்டு சத்தம் போட்டவராம். எங்கடை நல்ல காலத்துக்கு ஐயருக்கு அடுத்த கலியாணம் ஒண்டு சுன்னாகத்திலை இருந்தது. நிண்டு மினக்கெட அவருக்கு நேரமில்லை. மைக்கை வாங்கிச் சொன்னாராம்: "பிரேதம் எதிரை வந்தால் நல்ல சகுனம். தெரியாமல் கதையாதேங்கோ. மேளத்தைத் தட்டுங்கோ."

"அது றோட்டிலை எதிரை வந்தால் எல்லோ ஐயா?" எண்டு பெரியப்பா கேட்டாராம்.

"திரையிலை வந்தால் இன்னும் விசேசம்."

"கெதியாத் திருத்து பிள்ளை" எண்டார் செல்வம் அண்ணை. "ஐயர் ரெண்டாந்தரம் சொல்லமாட்டார்."

பழைய கோப்பைத் திருப்பிப் போட்டன். பழசு இனி எடுபடாது எண்டு கணினி சொல்லிப்போட்டுது. அப்ப ஒவ்வொரு லிங்குக்கும் அதின்ரை கமராவைப் பேர் சொல்லிக் கட்டவேணும். எழுதினன். அவசரத்திலை பேரைப் பிழையா அடிச்சன். திரும்பவும் சிவப்பு. சரியா எழுதினாலும் அந்தக் கணினி நிண்டு எழும்பக் கால் மணித்தியாலம் வேணும்.

ரூபன் திரும்ப எடுத்தான். இந்தமுறை அவனும் மெல்லமாக் கதைச்சான்.

"அக்கா, வாய்க்கரிசி போட்டு முடியுது. பெட்டி மூடப்போகினம். பாரிஸ் அக்கா தமையன்ரை ஃபோனிலை அழுறா, கலியாணம் தெரியுது, அப்பாவைக் காணேல்லை எண்டு."

"அந்த ஃபோனிலையே வீடியோவைப் போட்டு முகத்தைக் காட்டடா."

"அது பட்டன் ஃபோன். கமராவுக்கு என்ரை ஃபோனாலைதான் இன்டர்நெட் போகுது. அதை எடுத்தால் எல்லாம் நிண்டிடும். மற்ற ஆக்களிட்டை ஃபோன் வாங்கி எடுக்க நேரமில்லை அக்கா."

அப்பதான் மண்டைக்கை உறைச்சுது. ஐயா எங்கையும் காணாமல் போகேல்லை. ஐயா கலியாண லிங்கிலை இருக்கிறார். அந்த லிங்கை வசந்தி அக்காவுக்கு அனுப்பினால் முடிஞ்சுது.

அனுப்பத்தான் கை வரேல்லை. கலியாண லிங்கைச் செல்வம் அண்ணை ஆசையா அலங்கரிச்சு வைச்சிருந்தார். மேலையிருந்து ரோசாப்பூ இதழ் விழுந்துகொண்டே இருக்கும். ரெண்டு பக்கமும் சிவப்பு இதயம் துடிக்கும். கீழை பொன் எழுத்திலை "மணமக்கள் பல்லாண்டு வாழ்க." தகப்பனைப் பறிகுடுத்த பிள்ளைக்கு இதையே அனுப்பிறது?

அங்காலை மூடியைக் கையிலை எடுத்திட்டினம் எண்டு ரூபன் சொல்லுறான்.

அனுப்பினன். "அக்கா, உடனை இதைத் திறவுங்கோ. பூவைப் பாக்காதேங்கோ, அப்பாவைப் பாருங்கோ" எண்டு எழுதினன். ரூபனிட்டை, "சனத்தை விலத்திக்கொண்டு கிட்டப் போ. முகத்துக்குக் கிட்டப் போ" எண்டன்.

போனான். திரை முழுக்க ஐயாவின்ரை முகம். நெத்தியிலை திருநூறு. மீசையிலை இன்னும் கோவம் மிச்சமிருக்கிற மாதிரி ஒரு முகம். அதுக்கு மேலை ரோசாப்பூ இதழ் ஒவ்வொண்டா விழுகுது. ஆரோ ஒருத்தர் மூடியைப் பிடிச்சுக்கொண்டு, "பாத்திட்டாளோ, பாத்திட்டாளோ" எண்டு கேக்கிற சத்தம் கேட்டுது. பாரிஸிலையிருந்து ஒராள் இணைஞ்சிருக்கிறா எண்டு எனக்குத் திரையிலை காட்டிச்சு.

"பாத்திட்டா, பாக்கிறா, கொஞ்சம் பொறுங்கோ" எண்டு சொல்லிக்கொண்டு நான் அழுதன். என்ரை மடைத்தனத்துக்கும் சேர்த்து அழுதன்.

பேந்து பெட்டியை மூடிச்சினம். கால் மணித்தியாலத்துக்குப் பிறகு லிங்குகள் தங்கடை தங்கடை இடத்துக்கு வந்துதுகள். மானிப்பாயிலை பொம்பிளை கூறை மாத்திக்கொண்டு வர நேரஞ்செண்டதாலை தாலிகட்டுச் சரியான லிங்கிலை போச்சு. பின்னேரம் செல்வம் அண்ணை கலியாணச் சாப்பாட்டுப் பார்சலோடை வந்து, என்னை நிக்கவைச்சு ஏசி முடிச்சுத்தான் பார்சலைத் தந்தார். வடை ஆறிப்போச்சு.

பொழுதுபடுகிற நேரம் வசந்தி அக்கா எடுத்தா. பேச்சு வாங்கிறதுக்கு எழும்பி நிண்டுதான் ஃபோனைக் காதிலை வைச்சன்.

"அக்கா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"என்னத்துக்கு?"

"அந்தப் பூ... அந்த மணமக்கள்..."

அவ என்னை முடிக்க விடேல்லை.

"அப்பா பொல்லாத மனுசன் தங்கச்சி. நான் விரும்பிக் கட்டினனான் எண்டு என்ரை கலியாணத்துக்கு வரேல்லை. கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்கை இருந்தவர். இண்டைக்குத்தான் கடைசியா ஆரோ ஒராளின்ரை கலியாணத்துக்குப் போயிருக்கிறார்."

சிரிச்சா. சிரிப்பு அரைவாசியிலை அழுகையாப் போச்சு.

"வீடியோவை எங்களுக்குத் தரேக்கை பூவை எடுத்துப்போடாதேங்கோ. அப்பிடியே கிடக்கட்டும்."

இதைச் செல்வம் அண்ணைக்குச் சொன்னன். மனுசன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுத் திரும்பப் போட்டுக்கொண்டார். அவருக்கும் மனம் இளகிப்போச்சு எண்டுதான் நான் நினைச்சன்.

இந்தக் கிழமை கடை வாசலிலை புதுப் போஸ்டர் ஒண்டு தொங்குது: "செத்த வீட்டு நேரலைக்குப் பூ இலவசம்."