வீடு திரும்பும் மாடுகள்

"வெண்டெலின், இது மாடா, இல்ல அடுக்களையில பாத்திரம் உருளுதா?"

இசை நடத்துநர் ஷ்ரோட் குச்சியைத் தாழ்த்தினார். ஒத்திகை நின்றது.

ஹோல்ஸ்பாக் ஊர் இசைக்குழுவில் இருபத்தாறு வருஷமாக, முரசு தவிர மற்ற தாளக் கருவிகள் வெண்டெலின் பொறுப்பு. ஞாயிறு மாலை வாசிக்கவிருந்தது, கிராமத்தின் ஒரு நாளைச் சொல்லும் சிம்பொனி. புல்லாங்குழலில் குருவி வந்துவிட்டது. வயலினில் ஓடை வந்துவிட்டது. முரசில் புயலும் ஆயிற்று. புயல் ஓய்ந்ததும் தூரத்தில் மாடுகள் மணியோசையோடு வீடு திரும்ப வேண்டும். அதுதான் நடக்கவில்லை.

"கச்சேரியிலயும் இப்படின்னா, அடுத்த தடவை ஒலிப்பதிவைப் போட்டுக்குறேன். நீங்க வீட்ல ஓய்வெடுக்கலாம்" என்றார் ஷ்ரோட்.

வெண்டெலின் பண்ணைக்காரர் ஸெப்பிடம் போய் நின்றார். ஸெப் ஏழு மாடுகளின் மணிகளையும் கழற்றித் தந்தார்.

"பெரிசு, மந்தைக்கு முன்னால போற மாட்டோடது. இலையுதிர் காலத்துல மலையிலேர்ந்து மாடு இறங்குற ஊர்வலத்துக்கு இது வேணும். போன வருஷம் உங்க எக்காளக்காரனுங்க புதுசா கல்யாணம் ஆனவங்க கட்டிலுக்கு அடியில வேடிக்கைக்குக் கட்டறதுக்குத் தூக்கிட்டுப் போயிட்டானுங்க. பூட்டி வைப்பீரா?"

"சத்தியமா."

அசல் மணிகள் மேடையில் புல்லாங்குழலை விழுங்கிவிட்டன.

"மாடு என் மடியில உக்காந்திருக்கு. தள்ளி ஓட்டுங்க" என்றார் ஷ்ரோட்.

ஞாயிறு மாலை வெண்டெலின் மணிகளை மேடைக்குப் பின்னால் கோட்டு மாட்டும் அறைக்குத் தள்ளி ஓட்டினார். அந்த அறையைக் கவனித்துக்கொள்ளும் நோட்புர்கா, நாற்பது கோட்டுகளுக்கு நடுவே மணிகளைத் தொங்கவிட்டாள்.

"இங்க கோட்டுக்கே இடமில்ல. ஒரே சாவிதான், தொலைச்சிடாதீங்க. நான் இன்னிக்குப் பாதியில கிளம்பிடுவேன். அடுப்புல சூப் இருக்கு."

கச்சேரி தொடங்கும் நேரம். எக்காளக்காரர்கள் இருவர் அறை வாசலில் சிரித்துக்கொண்டு நின்றார்கள். வெண்டெலினுக்குக் கட்டில் ஞாபகம் வந்தது. உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் கதவைப் பூட்டினார். சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளப் பயமாக இருந்தது. ஊரிலேயே பத்திரமான இடம் எது என்று யோசித்து, ஷ்ரோட் போட்டிருந்த கோட்டின் பையில் நழுவவிட்டார்.

குருவி கூவியது. ஓடை ஓடியது. புயல் தொடங்கியதும் வெண்டெலின் மேடையிலிருந்து நழுவி, அறைக் கதவருகே வந்து கையை நீட்டினார். அப்போதுதான் உறைத்தது. சாவி மேடை நடுவில், புயலை நடத்திக்கொண்டிருந்தது.

ஜன்னல் வழியாக ஏறலாம் என்று கொல்லைப்பக்கம் ஓடினார். ஜன்னலுக்குக் கம்பி இருந்தது, உள்ளே கோட்டுகள் மறைத்திருந்தன. முரசு இடித்ததில் வேறு எதுவும் காதில் விழவில்லை. இருபத்தாறு வருஷம் போயிற்று என்று புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

புயல் அடங்கியது. எங்கிருந்தோ மணியோசை வந்தது. முதலில் தவிப்பாக, பிறகு தளர்ந்து தளர்ந்து, எட்டாத தூரத்துக்குப் போவதுபோல் தேய்ந்து நின்றது.

மதிலுக்கு அப்பால் யாருடைய மாடுகளோ. வெண்டெலின் எழுந்து, தொப்பியைக் கழற்றி, மதிலைப் பார்த்துத் தலை வணங்கினார்.

உள்ளே கைதட்டல் ஓயவில்லை. ஷ்ரோட் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

"வீட்டுக்குப் போகணும்ங்கற ஏக்கத்தை அப்படியே கொண்டுவந்துட்டீங்களே. சாகுறவரைக்கும் குழுவுல இந்த இடம் உங்களுதுதான்."

"எனக்கு நன்றி சொல்லாதீங்க ஐயா. சாவி உங்க பையில இருக்கு. நான் வெளிய மாட்டிக்கிட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கம் போன மாடுங்கதான் காப்பாத்திச்சு. யாரோடதுன்னு தெரிஞ்சா நாளைக்கே மாடுங்க நக்குறதுக்கு ஒரு மூட்டை உப்பு கொண்டுபோய்க் கொடுப்பேன்."

ஷ்ரோட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இயற்கையே வந்து வாசிச்சிருக்கு."

மணிகளை வாங்கிப்போக வந்திருந்த ஸெப் தாடையைச் சொறிந்தார். "அந்தப் பக்கம் ஆறுல்ல ஓடுது?"

ஷ்ரோட் பையிலிருந்த சாவியைப் போட்டு அறைக் கதவைத் திறந்தார்.

அந்தப் பெரிய மணியை இரு கையாலும் பிடித்தபடி நோட்புர்கா நின்றிருந்தாள்.

"புயல் ஆரம்பிச்சதுலேர்ந்து கை ஓயுற வரைக்கும் ஆட்டினேன், திறந்துவிட ஒருத்தர் வரல, கைதட்டினீங்க."