மொட்டை மூன்று, கணக்குச் சரி

பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாத தகப்பன் எங்காவது உண்டா என்று யாராவது கேட்டால், எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்புவார்கள். நானும் மறுப்பதில்லை. சாட்சிகள் அத்தனை பேரும் என் வீட்டிலேயே சாப்பிடுகிறவர்கள்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். வெண்ணந்தூரில் சொந்தமாக இரண்டு தறி வைத்திருந்தேன். என் துணிக்கு ராசிபுரம் சந்தையில் நல்ல பேர். பேரைவிட ஒரு முழம் கூடுதலாகவே கர்வமும் இருந்தது. (தறிக்காரனுக்கு எல்லாமே முழத்தில்தான் வரும்.)

எங்களுக்கு மூன்று பையன்கள், கைக்குழந்தையாக ஒரு பெண். மூன்றாமவன் சின்னான் பிறந்த வருஷம் காய்ச்சலில் படுத்து, பிழைப்பானா என்று ஆகிவிட்டது. அவன் தேறினால் மூன்று பேருக்கும் திருப்பதியில் மொட்டை போடுவதாக என் மனைவி ராசம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். அவனுக்கு மூன்று வயது நடக்கும்போதுதான் புறப்பட முடிந்தது.

திருப்பதிக் கூட்டத்தில் பிள்ளைகளைத் தொலைத்துவிடாமல் இருக்க நான் ஒரு யோசனை செய்தேன். நீளவாக்கில் ஓடும் வெள்ளைப் பாவு நூலில் நாலிழைச் சிவப்பும் அதை ஒட்டி ஓரிழைக் கறுப்புமாகக் கோடு ஓடவிட்டு ஒரு துணி நெய்து, மூன்று பேருக்கும் அதிலேயே சட்டை தைத்தேன். சின்னவன் எப்படியும் அழுக்காக்குவான் என்று அவன் அளவில் மாற்றுச் சட்டை ஒன்று. ஆக நான்கு சட்டைகள். எவ்வளவு கூட்டமானாலும் என் கோடு எனக்குத் தெரியாமல் போகுமா? எங்கள் தெருவில் நாலு பேரை நிறுத்தி வைத்து இந்த யோசனையை விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ராசம்மா மட்டும், "துணி நல்லாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டுக் கட்டுச்சோறு கட்டப் போய்விட்டாள்.

மலையில் யோசனை நன்றாகவே பலித்தது. மூன்று பேருக்கும் மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனம் பூசி, ஒருவரையும் தொலைக்காமல் கீழே கொண்டுவந்து சேர்த்தேன். காட்பாடியில் வண்டி மாறும்போதும் தொலைக்கவில்லை. அங்கே பெண்கள் பெட்டியில் ராசம்மா கைக்குழந்தையோடு ஏறிக்கொண்டாள். "பெரியவனையும் நடுவுலவனையும் நீங்க பாத்துக்குங்க, சின்னானை நான் வச்சுக்கறேனுங்க" என்றாள். "மூணு பேரையும் நான் பாத்துக்கறேன். நீ நிம்மதியா உக்காந்து வா" என்றேன். அந்த இடத்திலேயே என்னைப் பிடித்து ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டியிருக்க வேண்டும்.

எங்கள் பெட்டியில் எதிர்ப் பலகையில் சங்ககிரிப் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்று இருந்தது. புருஷன், பெண்டாட்டி, சின்னான் வயதில் ஒரே பையன். அவர்களும் திருப்பதிக்குப் போய்விட்டு வருகிறவர்கள்தான். பையன் தலையிலும் மொட்டை, சந்தனம். அந்த அம்மாவின் பெயர் பாவாயி. பையன் மாரப்பன்.

ஜோலார்பேட்டையில் வாங்கிய பாலை மாரப்பன் தன் சட்டை முழுக்கக் கவிழ்த்துக்கொண்டான். பாவாயி ஈரச் சட்டையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் கட்டிக் காயப்போட்டாள். காற்றுக்குப் பையன் வெற்று உடம்போடு நடுங்கினான். நான் இரக்கம் உள்ளவன்தான். ஆனால் அன்று மூட்டையைப் பிரித்து நான்காவது சட்டையை எடுத்தது முழுக்க இரக்கத்தால் அல்ல.

"போட்டு விடுங்கம்மா. நம்ம தறியில நெஞ்சதுதான். அந்தக் கோட்டைத் தொட்டுப் பாருங்க."

பாவாயி தொட்டுப் பார்த்தாள். "பட்டாட்டம் இருக்குதுங்கண்ணா" என்றாள். அதற்குப் பிறகு பொம்மிடி வரும்வரை நூல் வாங்குவதிலிருந்து கஞ்சி போடுவது வரை அவளுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் விளக்கினேன். வீட்டுக்காரர் மேலே சாமான் பலகையில் ஏறிப் படுத்துக்கொண்டார். அவர் தூக்கத்துக்கு மலை ஏறிய களைப்புதான் காரணம் என்று அன்று நினைத்தேன்.

பாவாயியிடம் பொரிகடலை இருந்தது. ஆகவே சின்னான் அவள் மடிக்குப் போய்விட்டான். மாரப்பனுக்கு என் மீசை பிடித்துப்போனது. என் பக்கம் வந்து, என் தொடையில் தலை வைத்துத் தூங்கிவிட்டான். பாவாயியும் சின்னான்மேல் முந்தானையைப் போர்த்திக்கொண்டு கண்ணயர்ந்தாள். நானும் தூங்கிவிட்டேன்.

"சேலம், சேலம்" என்ற சத்தத்தில் விழித்தேன். வெளியே நல்ல பிற்பகல் வெயில். வண்டி அங்கே கொஞ்ச நேரம் நிற்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், ஏதோ சக்கரம் உருள ஆரம்பித்துவிட்டது போல எழுந்தேன். மூட்டையை எடுத்தேன். கோடு போட்ட சட்டைகளை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மொட்டை மூன்று, கணக்குச் சரி. தொடையில் கிடந்தவனை அள்ளித் தோளில் போட்டு, கரிப்புகை படாமல் தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு இறங்கினேன்.

"அப்பா, இவன் வந்து..." என்றான் பெரியவன் ரங்கன். அவனுக்கு ஏழு வயது.

"பேசாம வா."

வாசலில் டிக்கெட்டைத் திரும்ப வாங்குகிறவர் முன்னால் நிற்கும்போது, "அப்பா, சின்னான்..." என்றான்.

"அவன் தூங்கறான். பேசாம வாடான்னா."

அதற்குமேல் ரங்கன் பேசவில்லை. (சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. இன்றுவரை அப்படித்தான்.) வெளியே ராசிபுரம் போகிற பேருந்துக்கு எங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு ஜட்கா பேசினேன். ராசம்மா கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். வந்ததும் துண்டை விலக்கிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது யாரூட்டுப் பையனுங்க?"

இங்கே நான் செய்ததை எழுதவே கை கூசுகிறது. நான் அவளோடு வாதாடினேன்.

"அட புள்ள, நம்ம சின்னான்தான். மொட்டை போட்டா மூஞ்சி அப்படித்தான் மாறும்."

"மாறுமுங்க. மூக்குக் கூடவா மாறும்?"

"சட்டையப் பாரு. நம்ம தறி."

"சட்டை நம்மளுதுதானுங்க. புள்ளை நம்மளுது இல்லீங்களே."

உள்ளே வண்டி ஊதியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடினேன். பிளாட்பாரத்துக்குள் நுழைந்தபோது கடைசிப் பெட்டி நகர்ந்துகொண்டிருந்தது. மாரப்பனைத் தோளில் உட்கார வைத்து, அவன் இரண்டு கால்களையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரம் முடிகிற இடம்வரை ஓடினேன். பையனோ இது தனக்காக ஏற்பாடு செய்த விளையாட்டு என்று நினைத்துவிட்டான். என் தலையில் தாளம் தட்டி, "இன்னும் வெரசா, இன்னும் வெரசா" என்று சிரித்தான். வண்டி போய்விட்டது. காய்ச்சலிலிருந்து மீட்டெடுத்த பிள்ளையை, அதற்கு நன்றி சொல்லப் போய்த் திரும்பும் வழியில் நானே விட்டுவிட்டேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் வயதான மனிதர், பொறுமைசாலி. வண்டி அடுத்து நிற்கிற மகுடஞ்சாவடிக்குத் தந்தி அடிப்பதாகச் சொல்லிக் காகிதத்தை எடுத்தார். "பையன் அடையாளம் சொல்லுங்க" என்றார்.

"வெள்ளைப் பாவுங்க. நாலிழைச் சிவப்புக் கோடு, பக்கத்துல ஓரிழைக் கறுப்பு. குறுக்கே ஓடற ஊடை பூராவும் வெள்ளை. ஓரத்துல..."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, நான் பையனைக் கேட்டேன்."

மூன்று வருஷம் என் வீட்டில் வளர்ந்த பிள்ளை. மொட்டை அடிக்கும்போது அந்தத் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். "மூணு வயசுங்க, மொட்டைங்க" என்றேன். அன்று அந்த வண்டியில் வந்த பாதிப் பிள்ளைகளுக்கு அதுதான் அடையாளம்.

ராசம்மா பின்னால் நின்றபடியே சொன்னாள். "தலையில ரெட்டைச் சுழிங்க. எடது காதுக்குப் பொறகால மச்சம். மேல் வரிசையில ஒரு பல்லு நுனி ஒடஞ்சிருக்கும். பேரு கேட்டா சின்னானுன்னு சொல்ல மாட்டான், ராசான்னு சொல்லுவான். நான் கூப்புடறது அப்படீங்க."

மாஸ்டர் எழுதிக்கொண்டார். அவர் என்னைப் பார்க்கவில்லை. நல்ல மனிதர்.

மறுபடி பிளாட்பாரத்துக்கு வந்தோம். ரங்கனிடம், "நீயாவது சொல்லக் கூடாதாடா?" என்றேன். "நீங்கதானுங்கப்பா பேசாம வான்னீங்க" என்றான்.

மாரப்பனுக்கு அப்போதுதான் அம்மா நினைவு வந்து உதடு பிதுங்கியது. ராசம்மா அவனை மடியில் இழுத்துக்கொண்டாள். முகம் துடைத்துவிட்டு, வாழைப்பழம் உரித்து ஊட்டினாள். அழுதுகொண்டேதான் ஊட்டினாள். ஆனால் குரலில் காட்டவில்லை. "அழுவாத சாமி, அம்மா வந்துருவா" என்று அவனுக்குச் சொன்னதைத் தனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

தந்திக்குப் பதில் வந்தது. பிள்ளை பத்திரம், அடுத்து சேலம் வருகிற வண்டியில் கூட்டி வருகிறார்கள். என்னிடம் அதைச் சொன்ன மாஸ்டரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் கையை மெதுவாக உருவிக்கொண்டு, "வண்டி வரட்டும்" என்றார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தது அந்த வண்டி. நான் முன்னால் போய் நின்றேன். இறங்குகிற ஒவ்வொரு பிள்ளையின் சட்டையையும் உற்றுப் பார்த்தேன். கோடு போட்ட சட்டை ஒன்றும் இறங்கவில்லை. பச்சைச் சட்டை போட்ட ஒரு மொட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா என்னை உரசிக்கொண்டுகூடப் போனாள். நான் வழிவிட்டு ஒதுங்கி நின்று, அடுத்த பெட்டியைப் பார்த்தேன்.

திரும்பிப் பார்த்தால் ராசம்மா அந்தப் பச்சைச் சட்டையைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருக்கிறாள். பாவாயி மாரப்பனைத் தூக்கி முத்தமாகக் கொட்டுகிறாள். சின்னான் சட்டையை நனைத்துக்கொண்டதால், ஜன்னலில் காய்ந்த மாரப்பன் சட்டையை அவனுக்குப் போட்டுவிட்டிருந்தாள். ஒரே நாளில் ஒரே பிள்ளையை இரண்டு தடவை தவறவிட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

நான் பாவாயி முன்னால் போய்க் கையைக் கூப்பினேன். அவள் பதறிப்போனாள்.

"என்னுங்கண்ணா இது. நாந்தானுங்க தூங்கிப்போட்டேன். தப்பு என்ற மேலதான். ராசா அழுவவே இல்லீங்க. சோறு உண்டான், தண்ணி குடிச்சான். கண்ணுல கரி உழுந்துச்சு, ஊதி எடுத்துட்டேன்."

அவள் அவனை ராசா என்று கூப்பிட்டதைக் கவனித்தேன். அவனிடம் பேர் கேட்டிருக்கிறாள். தன் பிள்ளை எங்கே என்று தெரியாமல் தவித்த நேரத்திலும், என் பிள்ளைக்குப் பசிக்குமே என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த நன்றியை அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிற்பாடு வருஷா வருஷம் மாரியம்மன் பண்டிகைக்கு, எங்கள் பேச்சில் நோம்பிக்கு, அவர்களை வெண்ணந்தூருக்கு அழைத்து, வாசல்வரை போய்க் கூட்டி வந்தேன். அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன்.

ஊர் வந்த முதல் சனிக்கிழமையே, பையன்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். எந்தத் தழும்பு யாருடையது, எந்த மச்சம் எங்கே என்று பாடம் படித்தேன். ராசம்மா அதை ஒரு பரீட்சையாகவே ஆக்கிவிட்டாள். நோம்பி நாளில் பிள்ளைகளை வரிசையாகப் படுக்க வைத்து ஒரு பெரிய துப்பட்டியால் மூடிவிடுவாள். பாதங்கள் மட்டும் வெளியே தெரியும். நான் குனிந்து பார்த்து, எது யார் கால் என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் எனக்குப் பாயசம் கடைசியில்தான்.

முதல் வருஷம் மூன்று பையன்களில் இரண்டு பேரைத் தப்பாகச் சொன்னேன். நாலாவதாக ஒரு ஜோடிப் பாதம் இருந்தது. அதை மட்டும் பார்த்தவுடனே, "மாரப்பன்" என்றேன்.

ராசம்மா இடுப்பில் கை வைத்தாள். "ஊரான் புள்ளையின்னா மட்டும் தப்பாம சொல்லிப்போடறீங்களே" என்றாள்.

பந்தியில் எல்லோரும் சிரித்தார்கள். பாவாயிதான் எனக்காகப் பேசினாள். "அந்தக் காலை உட்டுப்போடாம புடிச்சுக்கிட்டுத்தானுங்களே அண்ணன் ரயிலுக்குப் பொறகால ஓடுனாங்க" என்று சொல்லி, பாயசத்தை முதலில் எனக்கே ஊற்றினாள்.