பேனல் அண்ணாச்சியும் முதுகு வெயிலும்

சூரியன் தினமும் உதிப்பதே தன் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றத்தான் என்று மனதார நம்பிய ஒரு மனிதரோடு ஆறு வருஷம் மலை ஏறியிருக்கிறேன். வேறு யாராவது அப்படி நம்பியிருந்தால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருப்போம். நம்பியது பேனல் அண்ணாச்சி என்பதால், தொப்பியை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனோம்.

சங்கரன்கோவிலில் அவருக்குப் பேட்டரிக்கடை. லாரி, டிராக்டர், வீட்டு இன்வெர்ட்டர் என்று ஊரில் செத்துப்போன பேட்டரி எல்லாம் உயிர் பிழைக்க அங்கேதான் வரும். ஆசிட் தெறித்துத் தெறித்து அவருடைய சட்டை ஒவ்வொன்றும் சல்லடையாக இருக்கும். கல்யாண வீட்டுக்குக் கட்டி வருகிற வேட்டியில்கூட குறைந்தது நாலு ஓட்டை. அவருடைய சொந்தப் பெயர் எனக்குப் பல வருஷம் தெரியாது. தெரிந்தபிறகு அது அவருக்குப் பொருந்தவே இல்லை.

ஐம்பது வயதில் சர்க்கரை வந்தது. டாக்டர், "தினமும் அரை மணி நேரம் நடங்க" என்றார். அது அண்ணாச்சியின் காதில் "மலை ஏறுங்க" என்று விழுந்திருக்கிறது. துணைக்கு இரண்டு பேரைப் பிடித்தார். ஒருவன் அவர் கடைக்கு எதிரே ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்த செல்வின். இன்னொருவன், பள்ளிக்கூட வாத்தியாராகிய நான். ஞாயிறு காலையில் சர்ச்சுக்குப் போகவேண்டிய செல்வின், அதற்காகச் சனிக்கிழமை சாயங்கால ஜெபத்துக்கு மாறிக்கொண்டான் என்றால் அண்ணாச்சி எப்படிப் பேசி மடக்கியிருப்பார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசுதேவநல்லூரில் இறங்கி மேற்கே தென்னந்தோப்புகளைத் தாண்டி நடந்தால் மலை. கொஞ்ச தூரம் ஏறினால் ஒரு ஓடை, அதற்கு மேலே ஒரு சின்னச் சாமி கோயில். அதுவரைக்கும் போக வனத்துறை அனுமதி உண்டு. மாடசாமி என்கிற வாட்சர் கம்பை ஊன்றிக்கொண்டு கூட வருவார்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே அண்ணாச்சி முதுகில் அதைப் பார்த்தேன். நாலு மடிப்பாக விரிகிற கறுப்புப் பலகை. விரித்தால் ஒரு ஆளைப் போர்த்தலாம். "பேனல் வே, சோலார் சார்ஜர். காட்டுல கரண்டுக்கு எங்க போவீரு?" என்றார்.

"காட்டுல யாருக்கு அண்ணாச்சி போன் பேசப் போறீங்க?"

"பேசணும்னு வந்துட்டா?"

நான் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு நடந்தேன்.

காலை பஸ் மேற்கே போகும், வெயில் பின்னால் அடிக்கும். எல்லோரும் நிழல் பார்த்து உட்கார, அண்ணாச்சி கடைசி சீட்டில் மண்டியிட்டு, பின்பக்கக் கண்ணாடியில் பலகையை அணைத்துப் பிடித்தபடி, வந்த வழியைப் பார்த்துக்கொண்டே வருவார். பின்னால் பைக்கில் வருகிறவர்கள் மிரண்டு ஒதுங்குவார்கள். கண்டக்டர் ஒருநாள், "அண்ணாச்சி, பலகைக்குத் தனி டிக்கெட் போடட்டா?" என்று கேட்டார். "சின்னப் பிள்ளைக்கு டிக்கெட் உண்டாய்யா?" என்றார் அண்ணாச்சி, திரும்பாமலே.

இறங்கி நடக்கும்போது அவருக்குப் பெருமை தாங்காது. "கவனிச்சீரா வாத்தியாரே? காலைல மேக்க போறோம், வெயிலு முதுகுல. சாயங்காலம் கெழக்க வாரோம், அப்பவும் முதுகுல. கடவுளு நம்ம பேனலுக்குன்னே ரோடு போட்டிருக்கான்."

கடவுள் போட்ட ரோடு தோப்போடு முடிந்துவிடும். அதற்குமேல் மரம். நமக்கெல்லாம் நிழலைக் கண்டால் ஆனந்தம், அண்ணாச்சிக்குத் துக்கம். ஒவ்வொரு மரத்தையும் எதிரியைப் போல அண்ணாந்து பார்ப்பார். பாதையில் எங்கேயாவது துண்டு வெயில் விழுந்தால் போதும், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிடுவார். ஒருமுறை அப்படி நின்றவரை மறந்து நாங்கள் அரை கிலோமீட்டர் போய்விட்டோம்.

போதாக்குறைக்கு மேகம். மேகம் மறைத்தால் சார்ஜ் நிற்கும், விலகினால் மறுபடி ஏறும். நின்று நின்று ஏறும்போதெல்லாம் போன் கண் விழித்து வெளிச்சம் போட்டுக்காட்டும். அந்த வெளிச்சத்துக்கே ஏறின கரண்டு போய்விடும். காலையில் நாற்பத்தொன்றில் கிளம்பிய போன், ஒருநாள் முழுக்க வெயில் குடித்துவிட்டு, சாயங்காலம் முப்பத்தெட்டில் வந்து நின்றதை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

நல்ல வெயிலில் பாறைமேல் வைத்தால் வேறு கூத்து. போன் கொதித்து, "சூடு தாங்கவில்லை" என்று தானே அணைந்துவிடும். அண்ணாச்சி துண்டை ஓடையில் நனைத்து, காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் போடுவதுபோல் அதன்மேல் ஒற்றி ஒற்றி எடுப்பார்.

செல்வின் பையில் உள்ளங்கையளவு ஒரு பவர் பேங்க் இருக்கும். அவன் அதை எடுத்துக் காட்டி, "அண்ணாச்சி, இதுல மூணு தடவ ஃபுல்லா ஏத்தலாம். மழையோ வெயிலோ கவலையே இல்ல. எதுக்கு அந்தக் கதவச் சொமந்துட்டு அலையுதீங்க?" என்பான்.

"ஏலே, அது நேத்து வீட்டுல சேத்து வச்ச கரண்டு. பழைய சோறு. இது சுடச்சுட எறங்குது."

"சுடச்சுட எறங்கி எத்தன பர்சென்ட் ஆயிருக்கு?"

அண்ணாச்சி துண்டை விலக்கி உற்றுப் பார்ப்பார். "குறையலைல்லா," என்பார்.

சோலார் சார்ஜர் மலைக்குச் சுமக்க லாயக்கா என்று என்னிடம் இன்றைக்கும் ஆட்கள் கேட்கிறார்கள். ஒருநாள் நடைக்கு வேண்டாம், பவர் பேங்க் போதும். பல நாள் வெட்டவெளியில் நடக்கிறவர்களுக்கு, முகாமில் விரித்துப்போட்டு பவர் பேங்கை நிரப்ப உதவலாம். இதையே ஒருநாள் அண்ணாச்சியிடம் பாறையில் உட்கார்ந்தபடி சொன்னேன். சண்டைக்கு வருவார் என்று பார்த்தால், காலை நீட்டிக்கொண்டு சிரித்தார்.

"எனக்குத் தெரியாதா வே? நான் பேட்டரிக்கடைக்காரன்."

"பிறகு ஏன் அண்ணாச்சி?"

"கடையில காலைலருந்து ராத்திரி வரைக்கும் ஆளு நிக்கான். வண்டி நிக்கி, எப்பம் ஏறும், எப்பம் ஏறும்னு. இங்கன சார்ஜ் ஏறுத வரைக்கும்னு சொல்லிட்டு உக்காந்துக்கிடலாம். என்னைய யாரும் எழுப்ப மாட்டீங்கள்ல."

அவர் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் நானும் பார்த்தேன். கீழே குளங்கள், வயல், ரோட்டில் எறும்பு மாதிரி பஸ். அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சார்ஜ் எவ்வளவு ஏறியது என்று நான் கேட்கவில்லை.

ஐந்தாவது வருஷம், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓடையைத் தாண்டும்போது செல்வின் பாசியில் வழுக்கினான். கையிலிருந்த பவர் பேங்க் தண்ணீரில் போனது. அவனுடைய ஒரு கால் இரண்டு பாறைக்கு நடுவே மாட்டியது. சத்தம் எனக்குக் கேட்டது. எலும்பு உடைகிற சத்தம் இவ்வளவு சாதாரணமாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

தூக்கி வெளியே போட்டோம். முழங்காலுக்குக் கீழே பார்க்க முடியவில்லை. போனில் சிக்னல் இல்லை. மாடசாமி ஆள் கூட்டிவர அடிவாரத்துக்கு ஓடினார். "ஆட்டாம வச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எதை வைத்துக் கட்டுவது? நான் கம்பு தேடிக் கையில் கிடைத்ததையெல்லாம் ஒடித்துப் பார்த்தேன். எல்லாம் ஈரம், எல்லாம் வளைசல்.

திரும்பிப் பார்த்தால், அண்ணாச்சி முதுகிலிருந்து பேனலைக் கழற்றிக்கொண்டிருந்தார். நாலு கெட்டிப் பலகை, நடுவில் துணி மடிப்பு. அதைச் செல்வினுடைய காலைச் சுற்றி வைத்தார். அளவெடுத்துச் செய்தமாதிரி உட்கார்ந்தது. தன் துண்டைக் கிழித்து மூன்று இடத்தில் கட்டினார்.

அழுதுகொண்டிருந்த செல்வின், "அண்ணாச்சி, பேனலு... ஒடஞ்சிரும்" என்றான்.

"வாய மூடுலே. பேனலு போனா வேற பேனலு. உனக்கு வேற காலு எங்க போயி வாங்க?"

செல்வினின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "இந்தா வந்துருவாங்க, இந்தா வந்துருவாங்க" என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டே இருந்தார். மாடசாமி நாலு ஆட்களோடு வந்தபோது, தூக்கிக்கொண்டு நடந்த வழியெல்லாம் அந்தக் காலை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்து வந்தது அவர்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பார்த்துவிட்டு, "இது யாரு போட்டது? பிரமாதமா போட்டிருக்கே. ஆமா, இது என்ன?" என்றார்.

"சோலார் சார்ஜர் சார்," என்றேன்.

டாக்டர் என்னையும் அண்ணாச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். எலும்பு விலகவில்லை, மாவுக்கட்டு போட்டால் போதும் என்றார். அதைக் கேட்டபிறகுதான் அண்ணாச்சி மெதுவாக, "பைய அவுத்து எடுங்க டாக்டரே, ஒயரு இருக்கு" என்றார்.

பலகையில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. செல்வின் நடக்க ஆரம்பித்ததும் புதுசு ஒன்று வாங்கிக்கொண்டு போய் நின்றான். அண்ணாச்சி வாங்கவில்லை. "மூணு பலக வேல செய்யுது. இன்னும் மெதுவா ஏறும், நல்லதுதான்" என்றார். அதற்குப்பிறகு மலைக்குப் போகும்போது பேனலைச் செல்வின்தான் சுமந்தான், காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்துகொண்டு. கதவு என்று அவன் சொன்னதை அதன்பின் நான் கேட்டதில்லை.

அடுத்த வருஷம் அண்ணாச்சிக்கு முழங்கால் போனது. கோயம்புத்தூரில் இருக்கிற மகன் வந்து கடையைச் சாத்தி அழைத்துக்கொண்டு போய்விட்டான். நல்ல பையன், நன்றாகத்தான் வைத்திருக்கிறான். இப்போது அந்தக் கடையில் ஜூஸ் போடுகிறார்கள். நானும் செல்வினும் இரண்டு ஞாயிறு மலைக்குப் போய்ப் பார்த்தோம். பத்து மணிக்கே கோயிலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். அவ்வளவு சீக்கிரம் போய் என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு இறங்கிவிட்டோம். பிறகு போகவில்லை.

வாரம் தவறாமல் அவர் போன் பண்ணுவார். போன வாரம், "ஆபரேஷன் முடிஞ்சு நல்லாருக்கேன் வே. சமதளத்துல நடக்கலாம்னு சொல்லிட்டாங்க. மகன் வீட்டுல ஒரு கொறையும் இல்ல. கூட நடக்கத்தான் ஆளில்ல" என்றார்.

"அண்ணாச்சி, தபசுக்கு வாங்களேன்," என்றேன். ஆடித்தபசு என்றால் சங்கரன்கோவில் அம்மன் கோயில் திருவிழா, அன்றைக்கு ஊரே கோயில் வாசலில்தான் நிற்கும். ஊரை விட்டுப் போனவர்களெல்லாம் திரும்பி வருகிற நாள் அதுதான்.

"வாரேன்" என்றார்.

எந்த பஸ்ஸில், எத்தனை மணிக்கு என்று இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்குக் கோயம்புத்தூரிலிருந்து வருகிற எல்லா பஸ்ஸையும் பார்த்துவிடுவதாக இருக்கிறேன்.